சேமிக்கத் தேவையில்லை

கோயம்புத்தூர் கணபதியில், மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றின் மாடியில் ஜெனோவா பாடம் நடத்திவந்தார். கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் பாடம். பெரும்பாலும் வேலையில் இருக்கும் இன்ஜினியர்கள் வருவார்கள். ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, நாச்சிமுத்து மாடிப்படி ஏறி வந்து நின்றார். அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஜெனோவாவுக்கு முப்பத்தெட்டு.

"என்ன படிச்சிருக்கீங்க, சார்?"

"ஐ.டி.ஐ.ங்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில இருபத்தொம்பது வருசம் டெக்னீசியனா இருந்தேன். இப்ப ரிட்டயர்டுங்க."

"கம்ப்யூட்டர் பழக்கம் உண்டா?"

"மக வீடியோவுல பேசுவா. பட்டனைத் தொட்டா மூஞ்சி தெரியும். அவ்வளவுதானுங்க."

"இதை எதுக்காகக் கத்துக்கணும்?"

நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்த மடித்த தாளைத் தொட்டார். எடுக்கவில்லை.

"ஒரு வாக்கியம் புரியணுங்க."

"எந்த வாக்கியம்?"

"புரியற அளவுக்கு வந்தப்புறம் காட்டறேனுங்க."

ஜெனோவா பெயரைக் கேட்டார். நாச்சிமுத்து என்றார். ஊரைக் கேட்டார். வெள்ளகோவில் என்றார். ஜெனோவா மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க, சார்."

நாச்சிமுத்துவின் பையில் இருந்தது ஓர் அறிக்கையின் முப்பத்து மூன்றாம் பக்கம்.

அதற்கு முந்தைய கார்த்திகையில் அவர் மனைவி மயிலாத்தாளுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. மறுநாள் காலையில் இரண்டு வாய் கஞ்சி குடித்தார். உப்பு போதவில்லை என்று சொன்னார். வலிக்கான மருந்து, கட்டில் ஓரம் நின்ற ஒரு சின்ன பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு நாச்சிமுத்து டீ குடிக்கக் கீழே போனார். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

இருபது மணி நேரத்துக்கான மருந்து மூன்று நிமிடத்துக்குள் ஏறிவிட்டிருந்தது.

நர்ஸ் எதையும் தொடவில்லை என்பது கேமராவில் தெரிந்தது. பம்ப் செய்த கம்பெனி, வெளியாள் ஒருவரை வைத்து ஆய்வு செய்தது. ஏழு மாதம் கழித்து, ஆனியில், அறிக்கை தபாலில் வந்தது. நாற்பத்தொரு பக்கம். கடைசிப் பக்கத்தில், மேற்கண்ட அறிக்கையைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து முழுதும் படித்தார். முப்பத்து மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே இப்படி இருந்தது: 'கர்னல் நுழைவின்போது மிதவைப் புள்ளிப் பதிவகங்களின் சேமிப்பு முழுமையற்றிருந்தமை ஒரு பங்களிப்புக் காரணியாக இருந்திருக்கக்கூடும்.'

ஆஸ்பத்திரியில் கேட்டார். அது சாஃப்ட்வேர் சமாச்சாரம் என்றார்கள். காங்கேயத்தில் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் போனார். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "உங்களுக்குப் புரிய வைக்கணும்னா ஆறு மாசம் ஆகும்ங்க" என்றார்.

"ஆகட்டுமுங்க" என்றார் நாச்சிமுத்து.

திருப்பூரில் இருந்த மகள் வளர்மதி போனில் அழுதாள்.

"கையெழுத்தைப் போட்டு அனுப்பிருங்கப்பா. அம்மா திரும்பி வரப்போறதில்ல. எத்தனை நாளைக்கு இதையே எடுத்து எடுத்துப் பாப்பீங்க?"

"புரிஞ்சுதுன்னு எழுதியிருக்குது, சாமி. எனக்குப் புரியலையே."

"யாருக்குப்பா புரியுது அதெல்லாம்?"

"லைன் சரியாயிருச்சுன்னு எழுதறதுக்கு முந்தி நான் ஒருக்காப் பேசிப் பாப்பேன். பேசிப் பாக்காம ஒருநாளும் எழுதினதில்ல."

அறிக்கையின் முதல் பக்கத்தில், ஆய்வு செய்தவர் என்ற இடத்தில் ஜெனோவாவின் பெயரும் முகவரியும் இருந்தன. அந்த முகவரிக்குத்தான் அவர் வந்திருந்தார்.

வாரத்துக்கு மூன்று நாள் வெள்ளகோவிலிலிருந்து பஸ் ஏறி வந்தார். நாற்பது பக்க நோட்டு, பென்சில், ரப்பர். ஜெனோவா அவரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதிலிருந்து தொடங்கவைத்தார். இரண்டே இலக்கங்களில் எண்ணுவது. பிறகு பதினாறு இலக்கங்களில், ஒன்பதுக்குப் பின்னால் ஏ, பி என்று எழுத்துகளையும் சேர்த்து. எழுத்துக்கும் எண்தான், தசமப் புள்ளிக்கும் எண்தான், உள்ளே எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சொல்லிக்கொடுத்தார். நாச்சிமுத்து மெதுவாகக் கற்றார். ஆனால் கற்றதை விடவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஆயிரக்கணக்கான கம்பிகளில் ஒரு கம்பியைத் தேடிப் பழகியவர்.

கார்த்திகையில் மயிலாத்தாளின் முதல் வருஷத் திதி வந்தது. அந்த வாரம் மட்டும் அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஜெனோவா கேட்கவில்லை.

தை பிறந்ததும் ரெஜிஸ்டர்களைப் பற்றிய பாடம் வந்தது.

"செயலி, அதாவது பிராசசர், எந்தக் கணக்குப் போட்டாலும் எண்ணை முதல்ல கையில எடுத்துக்கணும். அந்தக் கைதான் ரெஜிஸ்டர். கொஞ்சம்தான் இருக்கும். பயன்படுத்தற எல்லாரும் அதே கையைத்தான் பயன்படுத்தணும்."

"எல்லாரும்னா யாருங்க?"

"ரெண்டு பேர்னு வெச்சுக்கங்க. ஒண்ணு, சாதாரணப் புரோகிராம். அதுக்கு அதிகாரம் கம்மி. இன்னொண்ணு கர்னல், மெஷினையே நடத்தற மூலப் புரோகிராம். அதுக்கு எல்லா அதிகாரமும் உண்டு. கடிகாரம் அடிச்சாலோ, நெட்வொர்க்குல ஏதாவது வந்தாலோ, புரோகிராம் எந்த வேலையில இருந்தாலும் செயலி அதை அப்படியே நிறுத்திட்டுக் கர்னலுக்குள்ள போயிரும். கர்னல் வேலையை முடிச்சிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பி வரும்."

"புரோகிராம்கிட்டக் கேட்டுட்டுப் போகுங்களா?"

"கேக்காது."

நாச்சிமுத்து யோசித்தார். "திரும்பி வர்றப்ப, கையில இருந்தது அப்படியே இருக்குமுங்களா?"

ஜெனோவா பென்சிலைக் கேட்டு வாங்கினார். அவருடைய நோட்டை எடுத்து, பன்னிரண்டு எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, கூட்டச் சொன்னார். நாச்சிமுத்து ஓரத்தில் மீதி எழுதிக்கொண்டு கூட்ட ஆரம்பித்தார். பாதியில் ஜெனோவா, "கீழ யாரோ கூப்பிடறாங்க, கொஞ்சம் பாத்துட்டு வாங்க, சார்" என்றார்.

நாச்சிமுத்து கீழே போனார். காயில் கடைக்காரர் தவிர யாரும் இல்லை. திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கூட்டி முடித்தார்.

"தப்பு" என்றார் ஜெனோவா.

விட்ட இடத்திலிருந்து மறுபடி கூட்டினார். அதே விடை வந்தது.

"தப்பு, சார்."

"எப்படிங்க?"

ஜெனோவா ஓரத்தில் இருந்த ஏழு என்ற எண்ணைக் காட்டினார். "நீங்க எந்திரிச்சுப் போறப்ப இது ஒண்ணா இருந்துச்சு. நான்தான் மேல ஒரு கோடு போட்டேன்."

நாச்சிமுத்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"எப்படிங்க வரும்? என் நோட்டு, என் பென்சிலு. நான் விட்டுட்டுப் போன இடம்."

"நீங்களாவது கீழ போயிட்டு வந்தீங்க. புரோகிராமுக்குத் தான் போனதே தெரியாது."

அன்று மதியம் அவர் பஸ்ஸில் போகும்போது தன் நிறுத்தத்தைக் கவனிக்காமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, வெயிலில் நடந்து வீட்டுக்குத் திரும்பினார்.

அடுத்த பாடத்துக்கு ஜெனோவா ஒரு சின்ன கர்னலின் நுழைவுப் பகுதியை அச்செடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு வரியும் ஒரு ரெஜிஸ்டரை நினைவகத்தில் எடுத்து வைத்தது. முப்பத்தோரு ரெஜிஸ்டர், முப்பத்தோரு வரி. அவ்வளவையும் கையால் எழுதச் சொன்னார். நாச்சிமுத்து எழுதினார். எழுதும்போதே ஒன்று கேட்டார்.

"எல்லாத்தையும் இறக்கி வெக்கணும்னா, எங்க வெக்கறதுங்கறதையும் ஒரு கையில புடிச்சிருக்கணுமுங்களே. எல்லாக் கையும் நெறஞ்சிருந்தா?"

"அதுக்குன்னு கர்னல் மட்டும் தொடக்கூடிய ஒரு சின்ன இடம் தனியா இருக்கு. முதல்ல ஒரே ஒரு ரெஜிஸ்டரை அங்க மாத்தி வெச்சுட்டு, காலியான அந்தக் கையால மத்ததை இறக்கணும்."

நாச்சிமுத்து தலையாட்டிவிட்டு எழுதி முடித்தார். பிறகு தாளைப் புரட்டினார். பின்பக்கம் காலியாக இருந்தது. மறுபடி முன்பக்கம் வந்தார்.

"டீச்சர், தசமப் புள்ளி எண்ணுக்குன்னு இன்னொரு முப்பத்திரண்டு ரெஜிஸ்டர் இருக்குன்னு போன பாடத்துல சொன்னீங்களே."

"சொன்னேன்."

"அதை இதுல எங்கயும் எடுத்து வெக்கலையே."

கீழே கடையில் ஏதோ ஒரு மோட்டார் ஓடி நின்றது. ஜெனோவா நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாச்சிமுத்து பையிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்பு விழுந்த இடங்களில் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது.

ஜெனோவா தாளைத் தொடவில்லை. பார்க்கவும் இல்லை. "முப்பத்து மூணாம் பக்கம்" என்றார்.

"என்னை முதல் நாளே தெரியுமுங்களா?"

"வெள்ளகோவில்னு சொன்னப்பவே தெரியும்."

நாச்சிமுத்து தாளை ஜெனோவாவின் பக்கம் நகர்த்தினார். பிறகு, "சொல்லுங்க" என்றார்.

ஜெனோவா சொன்னார். "அந்தப் பம்புல ஒரு புரோகிராம், மருந்து என்ன வேகத்துல போகணுங்கற எண்ணைக் கணக்குப் போடும். தசமப் புள்ளி எண்; அறிக்கையில மிதவைப் புள்ளின்னு இருக்கறது அதுதான். எல்லைக்குள்ள இருக்கான்னு சரி பாக்கும். சரி பாத்துட்டு மோட்டாருக்கு அனுப்பும். அன்னிக்கும் சரி பாத்துச்சு. எண் சரியாத்தான் இருந்துச்சு. மணிக்கு ரெண்டரை மில்லி. அனுப்பறதுக்கு முந்தி, இமைக்கிற நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட இருக்காது, அந்த இடைவெளியில கர்னல் குறுக்க வந்துருச்சு."

"இதை எடுத்து வெக்கல."

"எடுத்து வெக்கல. கர்னல் தன்னோட வேலைக்கு அதே ரெஜிஸ்டரை எடுத்துக்கிச்சு. திரும்பி வர்றப்ப அதுல வேற ஏதோ இருந்துச்சு. புரோகிராம் அதை மோட்டாருக்கு அனுப்பிச்சு. அது ரொம்பப் பெரிய எண். மோட்டார் தன்னால முடிஞ்ச உச்ச வேகத்துல ஓடுச்சு."

"மறுபடியும் சரி பாத்திருக்கலாமுங்களே?"

"ஏற்கெனவே சரி பாத்தாச்சே, சார்."

நாச்சிமுத்து இரண்டு கைகளையும் மேசையின் அடியில் வைத்துக்கொண்டார்.

"யாரு தப்புங்க?"

ஜெனோவா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார். பம்பின் உண்மையான கர்னல் நிரல் அதில் இருந்தது. ஒரு வரியில் விரலை வைத்தார். நிரல் எழுதியவர் தனக்கும் பின்னால் வருபவர்களுக்கும் எழுதிவைத்திருந்த குறிப்பு அது. ஆங்கிலத்தில் இருந்தது. நாச்சிமுத்து தட்டித் தடவிப் படித்தார்.

"கர்னல் இந்த ரெஜிஸ்டர்களைத் தொடாது. சேமிக்கத் தேவையில்லை."

"இது பொய்யிங்களா?"

"எழுதின அன்னிக்கு உண்மை. வேகத்துக்காக அப்படி எழுதினாங்க. கர்னல் அப்ப நிஜமாவே அதைத் தொடலை. ஆறு வருஷம் கழிச்சு, நிரலை இயந்திர மொழிக்கு மாத்தற கம்பைலரைப் புதுசா மாத்தினாங்க. ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு எதையாவது நகல் எடுக்கணும்னா, அந்தப் பெரிய ரெஜிஸ்டரைப் பயன்படுத்தினா சீக்கிரம் முடியும்னு அந்தக் கம்பைலர் தானா முடிவு பண்ணிச்சு. யாரும் உக்காந்து எழுதலை."

"இந்தக் குறிப்பை எழுதினவரு?"

"அவர் அந்தக் கம்பெனியை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்துச்சு."

நாச்சிமுத்து நெடுநேரம் அந்த வரியையே பார்த்தார். திட்டுவதற்கு ஒரு முகம் கிடைக்கும் என்று அவர் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். கிடைத்தது ஒரு குறிப்பு.

"அந்த வேற ஏதோன்னு சொன்னீங்களே" என்றார். "அது என்னதுங்க?"

ஜெனோவா ஃபைலைத் திறந்து, கடைசியில் இருந்த ஒரு தாளை உருவினார். உடனே கொடுக்கவில்லை.

"பம்ப் தனக்கு வந்த கடைசிக் கட்டளையைப் பதிஞ்சு வெச்சிருந்துச்சு. நாலு பைட். இதைப் படிக்கிற அளவுக்கு உங்களுக்குத் தெரியும். படிக்கணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. வேண்டாம்னா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

நாச்சிமுத்து கையை நீட்டினார்.

தாளில் 4D 41 59 49 என்று இருந்தது.

முதலில் அதைத் தசமப் புள்ளி எண்ணாக மாற்றினார். கடைசி பைட்டை முதலில் எழுதி, ஒன்றும் பூஜ்யமுமான பிட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கூட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு இடத்தில் அழித்தார். ஜெனோவா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"எட்டு லட்சத்து எண்பத்தொம்பதாயிரத்து எண்ணூத்து எழுபத்தாறு."

"சரிதான், சார்."

"மணிக்கு அத்தனை மில்லியா?"

"ஆமா."

"இது எங்கிருந்துங்க வந்துச்சு?"

"பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அந்தப் பம்ப் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பும். எந்த நோயாளி, எவ்வளவு மருந்துன்னு. அந்த நேரத்துல கர்னல் அந்தச் சேதியைத்தான் நகல் எடுத்துட்டு இருந்துச்சு. அது எண் இல்ல, சார். எழுத்து."

நாச்சிமுத்து நோட்டின் பின்னட்டையில் ஒட்டியிருந்த எழுத்து அட்டவணையைப் பார்த்தார். 4D என்பதன் கீழே எம் என்று எழுதினார். 41 என்பதன் கீழே ஏ. 59 என்பதன் கீழே ஒய்.

நான்காவதை அவர் எழுதவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார்.

ஜெனோவா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடிக்கவில்லை. அழவும் இல்லை. வாய் மட்டும் மயிலாத்தாளின் பெயரை ஒருமுறை சத்தமில்லாமல் சொன்னது.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்.

"அறிக்கையில இது இல்லைங்களே."

"இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"கம்பெனி கேட்டுச்சு. குடும்பத்துக்கு இது தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிருவாங்கன்னு சொன்னாங்க. அந்த வாக்கியத்தையும் நான் முதல்ல அப்படி எழுதலை. கர்னல் செய்த தவறால் மருந்தின் அளவு மாறியது, இதே பம்ப் இருக்கும் எந்த இடத்திலும் இது மீண்டும் நடக்கலாம், அப்படின்னு எழுதினேன். ரொம்பப் பச்சையா இருக்கு, கொஞ்சம் தொழில்நுட்பமா எழுதுங்கன்னாங்க. கேட்டது அவங்க. மாத்தி எழுதினது நான்."

"ஏங்க?"

"இரக்கத்துக்காகன்னு சொன்னதும் எனக்கும் சௌகரியமா இருந்துச்சு. அவங்க அடுத்த வேலையும் குடுத்தாங்க."

நாச்சிமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று ஜெனோவாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மறுபடியும் நடக்கலாம்னா, அந்தப் பம்பு இன்னும் ஓடுதுங்களா? சரி பண்ணிட்டதாத்தானே அறிக்கையில இருக்குது."

"புதுசா செய்யறதுல சரி பண்ணிட்டாங்க. வித்தது அப்படியேதான் இருக்கு. எனக்குத் தெரிஞ்சு முந்நூத்துப் பன்னண்டு."

"எங்கெங்கன்னு தெரியுமுங்களா?"

"இருபத்து மூணு ஆஸ்பத்திரி. லிஸ்ட் இருக்கு."

"குடுங்க."

"நானே எழுதி அனுப்பறேன், சார்."

"வேண்டாமுங்க. நான் எழுதறேன். எனக்குப் புரிஞ்ச வார்த்தையில எழுதறேன்."

மாசி முழுதும் அவர் எழுதினார். கடைசியில் இரண்டு பக்கத்துக்குள் வந்தது. பதினெட்டு முறை அடித்து எழுதினார். வளர்மதியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். கம்ப்யூட்டர் தெரியாத அவள் எங்கே புரியாமல் நிறுத்தினாளோ அங்கே மாற்றினார். இறுதியாகப் படித்தபோது அவள் எங்கும் நிறுத்தவில்லை. முடிவில் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மயிலாத்தாளின் பெயர் வரும் இடத்தை அவர் எடுக்கவில்லை.

ஜெனோவா மூன்றாவது பக்கம் ஒன்றைச் சேர்த்தார். முப்பத்து மூன்றாம் பக்கத்தில் தான் முதலில் எழுதியது என்ன, பிறகு மாற்றியது என்ன என்பது மட்டும் அதில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டார். இருபத்து மூன்று கடிதங்களையும் இருவரும் ஒன்றாகப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டார்கள். அந்த வாரமே கம்பெனி ஜெனோவாவிடம் கொடுத்திருந்த வேலைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வக்கீல் நோட்டீஸ் ஒன்றும் வந்தது.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருந்த வாக்கியத்தில், நாச்சிமுத்து 'புரிந்துகொண்டேன்' என்ற சொல்லை மட்டும் வைத்துவிட்டு மற்றதை அடித்து, பக்கத்தில் 'இதைப் படித்ததால் அல்ல' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கம்பெனிக்கு அனுப்பினார்.

ஐந்து ஆஸ்பத்திரிகள் பதில் எழுதின. இரண்டில் பம்புகளை நிறுத்திவைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஒன்றில், எங்கள் தொழில்நுட்பப் பிரிவு இதைக் கவனிக்கும் என்று இரண்டு வரி. ஒன்றில், இனிமேல் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று இருந்தது.

ஐந்தாவது கடிதம் பங்குனி கடைசியில் வந்தது. கையால் எழுதியிருந்தார்கள். நாச்சிமுத்து அதை எடுத்துக்கொண்டு கணபதிக்கு வந்தார். ஜெனோவாவிடம் அப்போது மாணவர்கள் யாரும் இல்லை. இருவரும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

எழுதியவர் ஒரு தலைமை நர்ஸ். தெற்கே ஒரு சிறிய ஊரின் ஆஸ்பத்திரி. மார்கழி இரண்டாம் வாரத்தில், தங்கள் வார்டில் இதே பம்பில் இதே மாதிரி நடந்தது என்று எழுதியிருந்தார். நோயாளி ஒரு லாரி டிரைவர். பிழைக்கவில்லை. அங்கே கேமரா இல்லை. அளவைத் தவறாக வைத்துவிட்டாள் என்று ஒரு இளம் நர்ஸை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண், நான் சரியாகத்தான் வைத்தேன், சரி பார்த்துவிட்டுத்தான் வைத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்; நாங்கள் யாரும் நம்பவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு அவள் ஊருக்கு ஆள் அனுப்பினோம். வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார்கள். போன் நம்பரும் உபயோகத்தில் இல்லை. அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. இவ்வளவுதான் கடிதம்.

ஜெனோவா படித்து முடித்து, தாளை மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

நாச்சிமுத்து விரல்விட்டு மாதங்களை எண்ணினார். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. மார்கழியில் நிறுத்தினார். அந்த இரண்டாம் வாரம் அவர் இதே நாற்காலியில் உட்கார்ந்து, பிட்டுகளை இடம் தள்ளி வைக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

கீழே கடையில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

நாச்சிமுத்து மெதுவாகக் கேட்டார். குரலில் குற்றம்சாட்டல் இல்லை. அவருக்கு அந்தப் பதில் தேவையாக இருந்தது.

"நீங்க முதல் நாளே சொல்லியிருந்தா நான் உங்க பேச்சைத்தான் நம்பியிருக்கணும். நானே கண்டுபிடிக்கணும்னுதானுங்களே, டீச்சர், அத்தனை மாசம் சொல்லாம இருந்தீங்க?"

ஜெனோவா அவரைப் பார்த்தார்.

"அப்படிச் சொல்லிக்கிட்டா நல்லாத்தான் இருக்கும், சார்" என்றார். "பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."